எந்தப் பக்கம் கையெழுத்து?

போன வாரம் வக்கீல் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளே நம் வாலு, அவள் ஒருவழியாக இறங்கிவிட்டாள். இறங்காமல் என்ன செய்வது? நாளைக் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் சக்கர நாற்காலி பிரேக் வாங்குவதற்கு ஒப்பந்தம் போடப் போகிறார்கள். அவளுடைய பட்டறையோடு அல்ல. அவளுடைய பட்டறைப் பிரேக்கை அச்சு அசலாகக் காப்பியடித்து, பாதி விலைக்குத் தள்ளிவிடும் ஆளோடு.

அந்த ஆள் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. இதைப் படித்துப் பல்லைக் கடிப்பவர்கள் முதல் வாரத்திலிருந்து நம்மோடு வருபவர்கள். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியில் இருப்பவர் எழுந்த அந்தக் கணமே தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரேக் அது. கண்டுபிடித்தவர் வாலுவின் அண்ணன். காப்புரிமை, அதாவது பேடன்ட், அவர் பெயரில் இருக்கிறது. செய்து விற்கும் உரிமத்தை, 'உனக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கிடையாது' என்று எழுதித் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு பிரேக்கை நம்பித்தான் அவள் பட்டறையில் லேத்துகள் சுற்றுகின்றன. நாளைக்கு அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், லேத்துகளைத் துடைத்துப் போர்வை போட்டு மூட வேண்டியதுதான்.

வாலு என்ற பெயரும் அண்ணன் வைத்ததே. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை.

வக்கீல் அவளுடைய பள்ளித் தோழி. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். மேஜை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எல்லா இடத்திலும் கட்டுக் கட்டாகக் காகிதம். தோழி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மனு ரெடி. மத்தியானம் ஜட்ஜ் உட்கார்ந்ததும் அவசரம்னு சொல்லி எடுத்துக்க வைக்கறேன். இடைக்காலத் தடை கிடைச்சா நாளைக்கு அவங்களால ஒப்பந்தம் போட முடியாது. அது சரி, உங்க அண்ணன் கையெழுத்து எங்கே?"

"போட மாட்டேங்கறார்டி."

"ஏன்?"

"மச்சான் மேல எப்படிக் கேஸ் போடறதுன்னு ஒரு தடவை கேட்டார். அதோட சரி. அதுக்கப்புறம் நான் எப்போ போன் பண்ணாலும் குளிச்சிட்டிருக்காராம். மனுஷன் மீனாவே மாறிட்டார்."

வக்கீல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கெட்ட செய்தி சொல்லுமுன் அவள் அப்படித்தான் செய்வாள்.

"இங்கே பாரு. தனி லைசென்ஸ் வாங்கினவ நீ. காப்பியடிக்கறவன் மேல நீயே கேஸ் போடலாம், சட்டம் குறுக்கே நிக்கலை. ஆனா பேடன்ட்காரர் உன்கூட வாதியா வந்து நிக்கணும். வர மாட்டேன்னா, அவர் பேரை பிரதிவாதி வரிசையில போட்டே ஆகணும். நடுவுல நின்னு வேடிக்கை பார்க்க அவருக்கு இடமே கிடையாது."

"அண்ணன் மேலயே கேஸா?"

"காகிதத்துல அப்படித்தான் இருக்கும். திருட்டுப்பய பேரு முதல்ல. அதுக்குக் கீழே உங்க அண்ணன் பேரு."

 பொம்பளைப் பிள்ளைக்கு லேத் எதுக்கு என்று வீடே சேர்ந்து கத்தியபோது, மெஷினில் சிக்காமல் இருக்க வாலுவின் பின்னலைத் தன் கையால் தூக்கி முடிந்துவிட்டு, "ம், ஓட்டு" என்று சொன்னவர் அவர். அந்த மனிதரின் பெயரை ஒரு திருடன் பெயருக்குக் கீழே எழுதுவதா? அதைவிடப் பட்டறையை மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே பட்டறையில் அவளை நம்பி நிற்கும் முகங்கள் வந்து அந்த எண்ணத்தை விரட்டின.

வக்கீல் அதற்குள் இரண்டு பிரேக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று வாலு செய்தது. மற்றது காப்பி. காப்பியில் இரண்டு பீஸை வாலுதான் கடையில் வாங்கியிருந்தாள். சாட்சிப் பொருளைப் பிரித்துவிடாதே என்று வக்கீல் கண்டித்திருந்ததால், ரிவெட் அடித்து மூடிய அந்த உறையை அவள் இதுவரை திறக்கவில்லை.

"இந்த ஓட்டை எதுக்குடி? உன்னுதுல இல்லையே?"

"எந்த ஓட்டை?"

தகட்டின் மேல் ஓரத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. பெயின்ட் பாதி அடைத்திருந்தது. அதில் ஸ்க்ரூவும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. எந்த வேலையும் இல்லாத வெறும் ஓட்டை.

 அந்த ஓட்டையை வாலுவுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் எந்தச் சோதனைப் பீஸைச் செய்து முடித்தாலும் ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டு, வீட்டுப் பின்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார். பட்டறைக்கு வரும் வரைபடத்தில் அந்த ஓட்டை இருக்காது. கடைக்குப் போகும் எந்தப் பிரேக்கிலும் இருக்காது. உலகத்திலேயே அந்தச் சுவரில் தொங்கும் பீஸ்களில் மட்டும்தான் அது உண்டு.

"படுபாவி! ஆணியில மாட்டற ஓட்டையைக்கூட விடாம காப்பியடிச்சிருக்கான்டி!"

விஷயத்தைக் கேட்டதும் வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று வாலு எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அப்போ இது உங்க அண்ணன் வீட்டுல இருந்து வெளியே போயிருக்கு. எப்போ போச்சு?"

"எப்போ போனா என்ன? திருட்டு திருட்டுதானே?"

"என்னவா? பேடன்டுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு போயிருந்தா, அவன் தொலைஞ்சான். விண்ணப்பத்துக்கு முன்னாடியே, 'இது ரகசியம்'னு ஒரு வார்த்தை சொல்லாம வெளியாள் கைக்குப் போயிருந்தா, நாம தொலைஞ்சோம். 'ஏற்கெனவே வெளியில வந்த பொருளுக்கு என்னய்யா பேடன்ட்?'னு எதிர் வக்கீல் எழுந்து நின்னு கேப்பான். அப்புறம் கேஸ் மட்டும் இல்லை, பேடன்டே காலி. தெருவுல போறவன்கூட உன் பிரேக்கைச் செய்யலாம்."

வாலு இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"யாரு குடுத்தாங்க, எப்போ குடுத்தாங்க, முன்னாடியா பின்னாடியா. குடுத்தவங்க வாயாலயே எனக்குத் தெரியணும். இன்னிக்கு போன்ல ஒரு வார்த்தை போதும், மனுவைக் குடுத்துடுவேன். நாளைக்கு வந்து சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கட்டும். அந்த வார்த்தை இல்லாம நான் கோர்ட்டுல வாயைத் திறக்க மாட்டேன்."

கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை ஒரு பையில் போட்டு அவளிடம் நீட்டினாள். வாலு காப்பிப் பிரேக் ஒன்றையும் அதற்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் கதவைத் திறந்தார். தங்கையைப் பார்த்ததும் ஒரு வினாடி முழித்தார்.

"வா வாலு. இப்பத்தான் குளிக்கலாம்னு..."

"போதும் அண்ணா. தோல் உரிஞ்சிடும்."

அவள் செருப்பை உதறிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். அங்கே வழக்கம்போலப் பழைய வாஷிங் மெஷின் மோட்டார் ஒன்று, கயிற்றில் கட்டிய மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கிச் சக்கர நாற்காலி மேல் இறக்கிக்கொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்திருப்பதற்கு அண்ணன் கண்டுபிடித்த மாற்று அது. தொப்பென்று ஒரு சத்தம், பிறகு டக்கென்று பிரேக் விழும் சத்தம். நாள் முழுக்க இதே சங்கீதம்தான். அண்ணி எப்படித்தான் இந்த வீட்டில் குடித்தனம் நடத்துகிறாளோ!

சுவரில் வரிசையாக ஆணிகள். வரிசையாகப் பிரேக்குகள். நடுவே ஓர் ஆணியில் மட்டும் ஒரு கைத்துண்டு தொங்கியது.

அந்த அறையில் தண்ணீர்க் குழாயும் கிடையாது, கை கழுவும் தொட்டியும் கிடையாது. எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைப்பதுதான் அண்ணனின் பழக்கம். அதற்காக அண்ணியிடம் வாங்காத திட்டு இல்லை. வாலு துண்டை இழுத்தாள். உள்ளே ஆணி மட்டும் இருந்தது.

"இங்கே பீஸ் இல்லைன்னு எப்போ பார்த்தே?"

அண்ணன் மோட்டாரைப் பார்த்தார். "கொஞ்ச நாளாச்சு."

"அதனாலதான் கையெழுத்துப் போடலையா?"

"வாலு, கேளு. நான்தான் குடுத்தேன். மச்சான் கேட்டான், எடுத்துக் குடுத்தேன். செஞ்சுக்கோடான்னும் சொன்னேன். அவ்ளோதான். நீ பாட்டுக்கு என் பேரை எதிர்ப் பக்கத்துல போட்டுக்கோ. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜையிலிருந்த ஏதோ ஒன்றைத் திருக ஆரம்பித்தார். பொய் சொல்லும்போது அவருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

"அந்த ஸ்க்ரூ டைட்டாத்தான் இருக்கு அண்ணா."

அவர் நிறுத்தினார்.

"நீ சம்மதம் குடுத்தேன்னு சொன்னா அவன் திருடனே இல்லை, புரியுதா? எனக்கு மட்டும்தான்னு எழுதிக் குடுத்துட்டு வாக்குத் தவறினவன்னு உனக்குப் பேரு. எனக்குப் பட்டறை போச்சு. அவன் மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போவான். யாரைக் காப்பாத்த இந்தக் கூத்து? இந்த வீட்டுல இருக்கறதே நீங்க ரெண்டு பேரு!"

ஆத்திரத்தில் வாலு பையிலிருந்த காப்பியை எடுத்து டமாரென்று மேஜை மேல் வைத்தாள். "இந்தா, நல்லா பாரு. இத்தனை நாளா இதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன்னியே!"

வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தார். எடுத்த பிறகு கை சும்மா இருக்குமா? இரண்டு ரிவெட்டையும் உளியால் தட்டிப் பெயர்த்து உறையைத் திறந்தார். உள்ளே சக்கரத்தைப் பிடிக்கும் கொக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். 

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். மணல் மூட்டை அந்தரத்தில் நின்றது.

"வாலு, இது தோத்த பீஸ்."

"என்னது?"

"ஜெயிச்சதெல்லாம் உன் பட்டறைக்கு வந்துடுதே, நான் எதுக்கு சுவத்துல மாட்டறேன்? தோத்ததைத்தான் மாட்டறேன். அதே தப்பைத் திரும்பப் பண்ணக்கூடாதுன்னு. இந்தக் கொக்கிப் பல்லைப் பாரு, எவ்வளவு சாய்வா இருக்கு. புதுசுல பிரமாதமா பிடிக்கும். நாளாக ஆகப் பல்லு மழுங்கிடும். அப்புறம் ஆள் எழுந்திருக்கற நேரம் பார்த்து வழுக்கிடும். அதனாலதான் இதைத் தூக்கி மாட்டிட்டுப் பல்லையே மாத்தினேன். உன்கிட்ட இருக்கறது மாத்தின பல்லு."

"இதையா அவன் ஆஸ்பத்திரி முழுக்க மாட்டப் போறான்?"

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணி ஒரு பிசியோதெரபிஸ்ட். படுத்தவர்களை உட்கார வைப்பதும் உட்கார்ந்தவர்களை நடக்க வைப்பதும் அவள் வேலை. யாரையும் அதட்டியே பழகிய குரல். ஆனால் அன்றைக்குப் பின்னறை வாசலில் வந்து நின்று, தரையில் கிடந்த துண்டையும் மொட்டை ஆணியையும் பார்த்ததும் அந்தக் குரல் வெளியே வரவில்லை. தோள் பையைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன்.

"ஏன் சும்மா இருக்கணும்? நான்தான் எடுத்துக் குடுத்தேன்." வாலுவைப் பார்த்தாள். "உனக்கு இப்போ என்னைக் கடிச்சுத் திங்கணும் போல இருக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன். பேஷன்ட் எழுந்திருக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னாடி ஓடுது, விழறாங்கன்னு தினமும் வந்து புலம்பினது யாரு? நான். அதைக் கேட்டுத்தான் இவர் இந்த ரூம்ல உட்கார்ந்தார். பேடன்ட் இவர் பேர்ல. லைசென்ஸ் உன் பேர்ல. அண்ணனும் தங்கச்சியும் மாத்தி மாத்திக் கையெழுத்துப் போட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

   அந்தக் கையெழுத்துகள் விழுந்த அன்றைக்கு அண்ணி எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தது மட்டும்தான் வாலுவுக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"அவரு தங்கச்சிக்குக் குடுத்தார், நான் தம்பிக்கு ஒண்ணு குடுத்தா என்னன்னு நினைச்சேன். ஒரே ஒரு ஆளுக்கு மாட்டணும்னு கேட்டான். சுவத்துல சும்மாதானே தொங்குது. தப்புன்னு அப்போ தோணலை."

"அண்ணி..." வாலு மெதுவாகத்தான் கேட்டாள். "எப்போ குடுத்தீங்க? விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அண்ணி பதில் சொல்லாமல் போனை எடுத்தாள். தம்பியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா! நாளைக்குப் பெரிய நாள், தெரியுமில்ல?" அவன் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்தே அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறான்.

"அந்தப் பிரேக்கை நிறுத்திடுடா."

"வாலு வந்து அழுதாளா? நீ கண்டுக்காதே. என் வக்கீல் ஒரே வழி சொல்லியிருக்கார். யாராவது வந்து கேட்டா, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்னு சொல்லிடு. பேடன்டே பணால்! அப்புறம் மாமாவும் செய்யலாம், வாலுவும் செய்யலாம், நானும் செய்யலாம். சண்டையே இல்லை பாரு."

"நான் குடுத்தது பேடன்ட் வந்த அன்னிக்குடா. நீ மாமாவுக்குக் கை குடுத்து வாழ்த்த வந்தே, மறந்துட்டியா? போகும்போதுதான் எடுத்துக் குடுத்தேன்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுல பல்லு தேயுமாம்டா. நாளானா வழுக்குமாம்."

"மாமா சொன்னாரா? அவரு எதைத்தான் சரின்னு சொல்லியிருக்கார்! ஒரு குறையும் இல்லைக்கா. அம்மா நாற்காலிக்கே எத்தனையோ மாசமா அதைத்தான் மாட்டியிருக்கேன். ஜம்முனு இருக்காங்க. இரு, ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்."

போன் அணைந்தது.  அண்ணி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள்.

"எத்தனையோ மாசம்னா... தேஞ்சிருக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரும் இல்லை. "உடனே போன் பண்ணு. எழுந்திருக்க வேண்டாம்னு சொல்லு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணியின் அம்மா எடுக்கவில்லை. பகலில் அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருப்பாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நின்று பழகச் சொல்லியிருந்தவள் வேறு யாருமில்லை, இதே மகள்தான்.

இதற்கிடையில் வாலுவின் போனும் அடித்தது. வக்கீல். "கோர்ட்டுக்கு வந்துட்டேன். கையெழுத்து எங்கே? அந்த வார்த்தை எங்கே?"

அண்ணி எழுந்துவிட்டாள். "என்னை எதுவும் கேக்காதே வாலு. நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் காதுலயே விழுந்துடுச்சு. ஆனா அதைக் கோர்ட்டுல நின்னு அவன் மேல சொல்ல என்னால முடியாது. தூக்கி வளர்த்தவ நான். வழியை விடு, ஆட்டோ பிடிக்கணும்."

ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியில் வாலு கேட்டிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், மிரட்டக்கூடச் செய்திருக்கலாம். பட்டறையே அந்த வினாடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேக்கலை அண்ணி. ஆட்டோ வேண்டாம், கார்ல ஏறுங்க."

அண்ணன் பையிலிருந்து காகிதத்தை உருவினார். எண்ணெய்க் கையோடு, நின்றபடியே, வாதி என்று போட்டிருந்த இடத்தில் தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் ஒரு விரல் ரேகையும் சேர்ந்து பதிந்தது.

"இதை நான் எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போறேன். என் பக்கம் எதுன்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு மனைவியிடம், "உன்னை நான் இழுக்க மாட்டேன். நீயே முடிவு பண்ணு. இப்போ அம்மாவைப் பாரு, போ."

வாலு காரை விரட்டினாள். அண்ணி விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கும் வேண்டுமென்றே நிறுத்தி வைத்ததைப்போல இருந்தது. ஒரு லாரி குறுக்கே வந்தபோது வாலு ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"இடுப்பெலும்புதான் உடையும்" என்றாள் அண்ணி, ஜன்னலைப் பார்த்தபடி. "இந்த வயசுல விழுந்தா முதல்ல அதுதான். நானே எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"அண்ணி, பேசாம இருங்க."

கேட் திறந்திருந்தது. கதவு தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் ஓவென்று அழும் குரல் தெருவரைக்கும் கேட்டது. அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாலுதான் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

டிவி.

டிவியில் எவளோ அழுதுகொண்டிருந்தாள். அதற்கு எதிரே, சக்கர நாற்காலியில், ஒரு குறையும் இல்லாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் போன் வெளிச்சம் காட்டிக்காட்டி அடித்துக்கொண்டிருந்தது. டிவி போட்ட சத்தத்தில் பாவம் அது என்ன செய்யும்!

"அடடே! ரெண்டு பேரும் சேர்ந்தா? இன்னிக்கு மழைதான்!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "இரு, இரு, எழுந்து வரேன்."

"எழுந்திருக்காதேம்மா!"

"ஏன்டி கத்தறே? நீதானே அடிக்கடி எழுந்து நில்லுன்னு உயிரை வாங்கினே?"

"இப்போ வேண்டாம்மா. சொன்னாக் கேளு. அப்படியே இரு."

"நாற்காலி ஓடிடும்னு பயமா? பைத்தியக்காரி." அம்மா சக்கரத்தைச் செல்லமாகத் தட்டினாள். பிறகு வாலுவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள். "இது என் பையன் கண்டுபிடிச்ச பிரேக்கும்மா. நாம எழுந்தா அதுவே பிடிச்சுக்கும். எனக்காகவே ராத்திரி பகலா உட்கார்ந்து கண்டுபிடிச்சானாம். உனக்குத் தெரியுமோ?"

வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் இங்கே நின்றிருந்தால் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

அம்மா யார் பேச்சைக் கேட்டாள்? இரண்டு கைப்பிடியையும் ஊன்றி எழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணி பாய்ந்து நாற்காலிக்குப் பின்னால் போய், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பாதத்தை வைத்தாள்.

வாலு எல்லாவற்றையும் பார்த்தாள். டக்கென்று கொக்கி விழுந்தது. ஒரு மூச்சு நேரம் பிடித்தது. பிறகு வழுக்கியது. சக்கரம் பின்னால் உருண்டு வந்து அண்ணியின் பாதத்தில் ஏறி நின்றது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை.

அம்மா நேராக நின்றுகொண்டிருந்தாள். வெற்றிச் சிரிப்பு. "பார்த்தியா? துளிகூட நகரலை."

வாலுவின் கையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். "என்னடி, உங்க அண்ணன் கையெழுத்தோட வந்து நிக்கறார். அடுத்தது நம்ம மனுதான் கூப்பிடுவாங்க. அந்த வார்த்தை கிடைச்சுதா இல்லையா? இல்லைன்னா நான் எழுந்திருக்க மாட்டேன்."

 வாலு அண்ணியைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடு" என்றாள் அண்ணி.

காலை எடுக்காமலே கையை நீட்டிப் போனை வாங்கினாள்.  

"நான்தான் அந்தப் பீஸைக் குடுத்தேன். விண்ணப்பத்துக்கு முன்னாடி இல்லை, அப்புறம்தான். பேடன்ட் கையில வந்த அன்னிக்கு, இவருக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தேன். யாருக்குன்னா கேக்கறீங்க? என் தம்பிக்கு. ஆமா, கூடப்பிறந்த தம்பி. நாளைக்குக் காலையில வரேன். எங்கே கையெழுத்துப் போடணுமோ அங்கே போடறேன்."

மறுமுனையில் வக்கீல் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள். "எழுந்துட்டேன்."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "தம்பிக்கு என்னடி குடுத்தே? எதுக்குக் கையெழுத்து? யாரு மேல?"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கேட்டைத் தள்ளிக்கொண்டு, "அம்மா, வாலு காரு நிக்குது, அக்கா வந்திருக்காளா?" என்று சிரித்த குரல் ஒன்று உள்ளே வந்தது.

அம்மா மகனின் குரலைக் கேட்டு வாசலைப் பார்க்கவில்லை. உட்காருவதற்காகப் பின்னால் திரும்பியவளின் பார்வை கீழே போயிருந்தது.

"உன் காலு ஏன்டி சக்கரத்துக்கு அடியில இருக்கு?"